அற்புதமணி கண்டெடுக்காத வலம்புரி

தூத்துக்குடியில் எழுத்துப் போட்ட பனியனை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. அது தானாக வீடு வந்து சேரும். கோயில் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த நின்றால் ஒன்று, கிரிக்கெட் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றால் ஒன்று, ரத்தம் கொடுத்தால் ஒன்று, தேர்தல் வந்தால் ஆளுக்கு இரண்டு, சிமெண்ட் கம்பெனிக்காரன் கொத்தனாருக்குக் கொடுத்தது மச்சான் வழியாக ஒன்று. நெஞ்சிலோ முதுகிலோ ஒரு பெயர் இருந்தால் அது ஓசி என்று ஊருக்கே தெரியும். காசு கொடுத்து வாங்குவது பொத்தான் வைத்த சட்டை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்டுக்கொண்டு போவது. இப்படிப்பட்ட ஊரில் பனியன் கம்பெனி ஆரம்பிக்க வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றினால், அவனுக்குக் கோளாறு காதில் மட்டும்தான் என்று டாக்டர் சொன்னதை நம்புவது கஷ்டம்.

அற்புதமணிக்குக் கோளாறு காதில்தான். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவனாக இருந்தான். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கீழே இறங்கி, மணலைத் துழாவிச் சங்கு பொறுக்க வேண்டும். அந்தக் குழாய் மடங்காமலும் முறுக்கிக்கொள்ளாமலும் மேலே ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார். கீழே இருப்பவனுடைய மூச்சு அவர் கையில். அற்புதமணிக்குக் குழாய் பிடித்தவர் சுந்தர்சிங். அவன் மீசை முளைக்கிற வயதில் தொடங்கி, தலைக்குச் சாயம் அடிக்கிற வயது வரைக்கும் அவர்தான் பிடித்தார். அதிகம் பேசமாட்டார். சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேசினால் அவர் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

ஒருநாள் அற்புதமணி மேலே வந்தபோது இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. சுந்தர்சிங் தன் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிக் காதில் வைத்து, கரை வரும்வரை கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, இந்தக் காது போய்விட்டது, இனி தண்ணீருக்குள் இறங்கினால் அந்தக் காதும் போய்விடும் என்றார். அன்றிலிருந்து அற்புதமணியின் இடது காதில் எப்போதும் பஞ்சு இருக்கும்.

கரையேறியவனுக்குத் துறைமுகத்தின் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. கேட்டில் லாரிகள் நிற்கும், டிரைவர்கள் இறங்குவார்கள், அற்புதமணி அவர்கள் நெஞ்சைப் பார்ப்பான். நாமக்கல்லிலிருந்து வருகிறவன் நெஞ்சில் அலை. ஓசூர்க்காரன் நெஞ்சில் சுறா. அதற்கும் வடக்கே ஏதோ மலையடிவாரத்திலிருந்து வந்த ஒருவன் நெஞ்சில், பலகையின் மேல் ஏறி அலையில் சறுக்கும் வெள்ளைக்காரன். கேட்டால் எல்லாம் காசு கொடுத்து வாங்கியதாம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். "கடலக் கண்ணால பாக்காதவன்லாம் கடலு படம் போட்ட பனியன் போட்டுக்கிட்டுத் திரியுதான். நம்ம கடலுக்குள்ளயே கெடந்தோம். நம்மகிட்ட ஒரு பனியன் கெடையாது."

பிளாரன்ஸ் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "பீரோவுல ஒம்பது கெடக்கு" என்றாள்.

"அது ஓசி."

"ஓசின்னா ஒடம்புல ஏறாதோ?"

அவள் சாயர்புரத்துக்காரி. கடல் அவளுக்குக் கல்யாணத்தோடு வந்த சொந்தம், அதனால் அதன்மேல் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் புருஷன் காதில் பஞ்சோடு கேட்டில் நின்று அடுத்தவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் இரண்டு வளையல்களையும் கழற்றி, சாயர்புரத்தில் இருக்கும் அக்கா மூலமாக அங்கேயே அடகு வைத்தாள். திரேஸ்புரத்தில் வைத்தால் ரசீது வருவதற்கு முன்னால் தெருவுக்குச் செய்தி வந்துவிடும். கவரிங் வளையல் இரண்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பின்னால் வந்த வம்பில் பாதி, இந்த ரகசியத்தை அவள் அவ்வளவு நன்றாகக் காப்பாற்றியதால் வந்தது.

சங்கு குளிக்கிறவனைக் கரையில் அழைக்கிற பெயரையே, 'குளியாள்' என்று, கம்பெனிக்கு வைத்தான். பெயரைக் கழுத்துக்கு உட்புறம் லேபிளில் மட்டும் தைக்கச் சொன்னான். வெளியே ஒரு எழுத்துகூடக் கூடாது, எழுத்து இருந்தால் ஓசி என்று நினைத்துவிடுவார்கள். நெஞ்சில் ஒரு சங்கு, அவ்வளவுதான். திருப்பூரில் அச்சடித்துக் கொடுக்கிறவன் போனில் தயங்கினான். "வெறும் சங்கு மட்டுமாங்கண்ணா? எங்க பக்கம் அதைச் செத்தவங்களுக்குத்தானுங்க ஊதுவாங்க." அற்புதமணி, எங்கள் பக்கம் அதைத்தான் சாப்பிடுகிறோம் என்று சொல்லி போனை வைத்தான்.

படம் எடுத்த கதையைச் சொல்லியாக வேண்டும். அவன் வீட்டில் டிவி பக்கத்தில் ஒரு சங்கு உண்டு. கடைசியாகக் குளித்த நாளில் எடுத்தது. வியாபாரம் செய்கிறவன் முகம் தெரிந்தால்தான் ஜனங்கள் நம்பி வாங்குவார்கள் என்று போனில் ஒரு வீடியோவில் யாரோ பேசியதைக் கேட்டிருந்தான். அதனால் தலைக்குப் புதுசாகச் சாயம் அடித்து, மச்சினன் வைத்துவிட்டுப் போன கூலிங் கிளாஸை மாட்டி, சங்கைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து, உதட்டைக் குவித்து, முன்பக்கக் கேமராவில் தன்னைத்தானே எடுத்துக்கொண்டான். ஒன்றில் தலைமுடி சரியில்லை, ஒன்றில் கழுத்து சரியில்லை. எடுத்துக்கொண்டே இருந்தான். குசினியிலிருந்து எட்டிப் பார்த்த பிளாரன்ஸ் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. அற்புதமணி இருந்ததில் நல்ல படமாக ஒன்றைப் பார்த்து, முகத்தை வெட்டிவிட்டுச் சங்கை மட்டும் திருப்பூருக்கு அனுப்பினான்.

அங்கேதான் பிசகியது. முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி, இடத்தை வலமாக்கிவிடும். படத்தில் ஓர் எழுத்து இருந்திருந்தால் திருப்பூர்க்காரன் உடனே பிடித்திருப்பான். சங்குக்குப் பெயரா எழுதியிருக்கிறது? அவன் அப்படியே கோடு இழுத்து, கருநீலத் துணியில் வெள்ளையாக அச்சடித்து, பார்சல் லாரியில் ஏற்றிவிட்டான்.

கடலில் கிடைக்கும் சங்குக்கெல்லாம் வாய் ஒரே பக்கம்தான் திறந்திருக்கும். அது இடம்புரி. லட்சத்தில் ஒன்று மறுபக்கம் திறக்கும். அதுதான் வலம்புரி. பூசையறையில் வைக்க ஆசைப்படுகிற பெரிய பணக்காரர்கள் கேட்ட விலை கொடுத்து வாங்கிப் போவார்கள். ஆயுசு முழுக்கக் குளித்தும் அதைக் கண்ணால் பார்க்காதவர்கள் திரேஸ்புரத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. வள்ளத்தில் அதற்கென்று ஒரு சட்டமும் உண்டு. சாதாரணச் சங்கு எடுத்தவனுக்கு. வலம்புரி கிடைத்தால் வள்ளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் சமபங்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. மீறினவன் இந்தக் கரையில் வாழ்ந்ததில்லை என்பதால் எழுத வேண்டியும் வரவில்லை.

மூட்டையைப் பிரித்தபோது அற்புதமணி கழுத்து லேபிளைத்தான் பார்த்தான். குளியாள். எழுத்து அழகாக இருந்தது, தடவிக்கூடப் பார்த்தான். பிளாரன்ஸ் கலர் நன்றாயிருக்கிறது என்றாள். அவளுக்குச் சங்கில் இடமும் தெரியாது, வலமும் தெரியாது. தெரிந்த அவனோ நெஞ்சுப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. முதல் பனியனை மடித்து எடுத்துக்கொண்டு சுந்தர்சிங் வீட்டுக்குப் போனான். அவர் இல்லை. அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு, "அண்ணனுக்குத்தான் மொதப் பனியன்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் காலையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தான். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மீன் கூடையோடு எதிரே வந்தவள் நின்றாள். எல்லார் கண்ணும் அவன் நெஞ்சில். டிசைன் பிடித்துப்போய்விட்டது என்று அற்புதமணிக்குப் பெருமை தாங்கவில்லை, நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.

அவன் வேலை செய்த வள்ளத்தின் சொந்தக்காரன் ஆன்டனி, தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தான். இது அதற்கு முன் நடந்ததில்லை.

"எப்பலே கெடச்சுது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நேத்துதான் லாரியில வந்துச்சு."

"லாரியிலயா?" ஆன்டனி இன்னும் கிட்டே நகர்ந்தான். "எங்கன குடுத்த?"

"எல்லாம் திருப்பூர்லதான். அங்கதான் ஆளு இருக்கு."

"நல்ல வெலையோ?"

"மொத தடவல்லா, கொறச்சுத்தான் போட்டான்."

ஆன்டனி டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனான்.

சாயங்காலம் சுந்தர்சிங் வந்தார். வாசலிலேயே நின்றார். கையில் அந்தப் பனியன், கொடுத்த மடிப்பு கலையாமல் இருந்தது.

"பங்குக்குப் பதிலாப் படமாலே?" என்றார்.

அற்புதமணிக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்று சொல்லி, பனியனைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் அற்புதமணி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். சங்கின் வாய் தப்பான பக்கம் திறந்திருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வலம்புரியைப் பார்க்கிறான், அது தன் வயிற்றுக்கு மேலேயே இருக்கிறது. உள்ளே திரும்பினால் மூட்டை நிறைய வலம்புரி. ஊர் என்ன நினைக்கிறது என்பது அந்த நொடியில் மொத்தமாக விளங்கிவிட்டது. மணிக்குக் கடைசி நாளில் வலம்புரி கிடைத்திருக்கிறது, மடியில் ஒளித்துக்கொண்டு கரையேறிவிட்டான், காதும் ரத்தமும் நாடகம், இல்லாவிட்டால் வாட்ச்மேன் வேலை பார்க்கிறவனுக்குக் கம்பெனி வைக்கக் காசு ஏது?

மறுநாள் கரைக்குப் போய் எல்லாரையும் கூட்டி வைத்துப் போனில் செய்து காட்டினான். சங்கை முன்பக்கக் கேமராவில் எடுத்து, பாருங்கள், திரும்பிவிட்டது என்றான். எல்லாரும் பொறுமையாகப் பார்த்தார்கள்.

"இப்ப எடுத்தது திரும்புது, சரி" என்றான் ஆன்டனி. "அன்னைக்கு எடுத்தது திரும்புச்சுன்னு யாரு கண்டா? வலம்புரியவே நேரா எடுத்திருந்தாலும் படம் இப்படித்தான இருக்கும்?"

"அந்தச் சங்குதாம்லே இது. டிவி பக்கத்துல கெடந்துச்சு."

"வலம்புரி கெடச்சவன் அத டிவி பக்கத்துலயா வப்பான்?"

காசு எங்கிருந்து வந்தது என்று அடுத்துக் கேட்டார்கள். பிளாரன்ஸின் கவரிங் வளையல் நினைவுக்கு வந்தது. அவளைத் தெருவில் நிறுத்த மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டான். அது இன்னும் மோசமாகிவிட்டது.

அதன்பிறகு ஊர் அவன் காதைச் சோதிக்க ஆரம்பித்தது. இடது பக்கமாக வந்து, "மணி, ஒன் வீட்டுல தீப்புடிச்சிருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். பின்னாலிருந்து சில்லறையைக் கீழே போடுவார்கள். ஒருவன் இடது காதருகே நின்று அவன் மாமனாரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அற்புதமணி திரும்பவில்லை. பார்த்தவர்கள், பயல் நன்றாகப் பழகியிருக்கிறான் என்றார்கள்.

மற்றவர்கள் நினைப்பதை அவன் தாங்கிக்கொண்டான். சுந்தர்சிங் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவதைத்தான் தாங்கமுடியவில்லை. தன் மூச்சைக் கையில் வைத்திருந்த மனுஷன் தன்னைத் திருடன் என்று நினைக்கிறார். சாப்பாட்டில் கைவைத்தபடி அற்புதமணி அப்படியே உட்கார்ந்திருப்பான். பிளாரன்ஸ் சோறு ஆறுகிறது என்பாள்.

இதற்கு நடுவே காசிலிங்கம் அண்ணாச்சி வந்தார். உடன்குடிக்காரர், டவுனில் கருப்பட்டி மொத்த வியாபாரம். எங்கேயோ அந்தப் பனியனைப் பார்த்திருக்கிறார்.

"வலம்புரி லட்சுமிகரம்லா, தம்பி. அம்புட்டையும் நானே எடுத்துக்கிடுதேன். முதுகுல மட்டும் கடைப் பேரு போட்டுக் குடுத்துரும். தீவாளிக்கு யாவாரிகளுக்கு ஆளுக்கொண்ணு குடுப்பேன்."

"சும்மா குடுப்பீங்களா, அண்ணாச்சி?"

"பேரு போட்ட பனியனுக்குக் காசா வாங்குவாக?"

அற்புதமணி முடியாது என்று சொல்லிவிட்டான். இதை வலம்புரி என்று விற்றுக் காசாக்கினால், ஊர் சொல்வதைத் தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றான். அண்ணாச்சி, யோசிச்சு வையும், மறுபடி வாரேன் என்று கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் பிளாரன்ஸ் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, என் கை வளையல் சாயர்புரத்துல கெடக்கு. நீங்க மூட்டைய வச்சி அடைகாக்குதீகளா?"

"சுந்தர்சிங் அண்ணன் நம்பணும். அதுவரைக்கும் ஒண்ணையும் விக்க மாட்டேன்."

"நம்ப வைக்கத் துப்பிருக்கா? வெட்டுன படத்தையே எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத் திரியுதீக. முழுப் படத்தக் காட்டுறதுக்கு என்ன?"

அற்புதமணி தலையைக் குனிந்துகொண்டான். முழுப் படத்தில் கூலிங் கிளாஸும் குவிந்த உதடும் இருந்தன.

"அதுல என்ன இருக்கு?" என்றான்.

"ஒங்க காது இருக்கு. பஞ்சு எந்தக் காதுலன்னு பாருங்க."

போனைத் திறந்து பார்த்தான். படத்தில் பஞ்சு வலது காதில் இருந்தது.

பார்த்தும், ஞாயிறு பூசை முடியும்வரை தள்ளிப்போட்டான். திருடன் என்ற பேரோடு காலம் தள்ளிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தான், அந்த உதடு அப்படி இருந்தது. பிறகு போனை எடுத்துக்கொண்டு சுந்தர்சிங் வீட்டுக்குப் போனான். அவர் கட்டிலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். போனை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான்.

சுந்தர்சிங் வெகுநேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நான் அமுக்கிப் பிடிச்சது இடது காது" என்றார்.

"ஆமாண்ணே."

"என் துண்டுல கறை இன்னும் போவல." போனைத் திருப்பிக் கொடுத்தார். "அப்பம் உண்மையிலேயே கெடைக்கலையோ?"

"கெடைக்கலண்ணே."

"சின்னதாக்கூட?"

"இல்லண்ணே."

சுந்தர்சிங் சுவரோரம் இருந்த பழைய கம்ப்ரசரைப் பார்த்தார். "என் பங்குக்குப் புதுசு ஒண்ணு வாங்கிரலாம்னு இருந்தேன்" என்றார். "ஆன்டனி எஞ்சினு பாத்து வச்சிருக்கான். இனி அவங்கிட்ட வேற சொல்லணும்." ஒரு பொய்யை நம்பி அத்தனை பேரும் கொஞ்ச நாள் பணக்காரர்களாக இருந்திருக்கிறார்கள். அதைக் கெடுத்ததற்காக அற்புதமணிக்கு வருத்தமாகவே இருந்தது. கிளம்பும்போது, "அந்தப் பனியன் இருந்தா குடுத்துவிடு" என்றார் சுந்தர்சிங்.

மிச்ச மூட்டையை அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். முதுகில் கடைப்பெயர் ஏறி, அவையும் ஊர் வழக்கப்படி ஓசிப் பனியனாகி, உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரிகள் நெஞ்சில் போய்ச் சேர்ந்தன. வளையல் திரும்பி வந்தது. வந்த அதே வேகத்தில் மறுபடி சாயர்புரம் போகாமல், அண்ணாச்சி கொடுத்த காசின் மிச்சத்திலேயே இரண்டாவது தடவை அச்சடித்தார்கள். இந்தத் தடவை சங்கையே பார்சலில் வைத்துத் திருப்பூருக்கு அனுப்பினான். இடம்புரி இடம்புரியாகவே வந்தது.

அதை ஒரு பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுபோனான். வள்ளங்கள் கிளம்புகிற நேரம். ஆன்டனியும் மற்றவர்களும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுந்தர்சிங் சொன்னதை யாரும் முழுசாக நம்பவில்லை. வலம்புரிக் காசில் ரெண்டாவது லோடும் வந்துவிட்டது என்று ஒருவன் முணுமுணுத்தான். கம்ப்ரசரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் சத்தம் வலது காதை அடைக்க, அற்புதமணி அதன் பக்கத்திலேயே குத்தவைத்து, பையிலிருந்த பனியன்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போது சுந்தர்சிங் வந்தார். பழைய பனியனைப் போட்டிருந்தார். நெஞ்சில் வலம்புரி.

"என்ன சிங்கு, ஒமக்கும் பங்கு வந்துட்டோ?" என்றான் ஆன்டனி.

சுந்தர்சிங் அற்புதமணியின் இடது பக்கத்தில், ஒரு கை தூரத்தில் வந்து நின்றார். சத்தமாகவே பேசினார். "இவன் எடுத்த ஒவ்வொரு சங்கும் என் கையத் தாண்டித்தான் வள்ளத்துக்குள்ள வந்திருக்கு. இவன் திருடன்னா மொதத் திருடன் நான்தான். இந்தக் கரையில இவன மாதிரி ஒரு யோக்கியனுக்கு நான் இதுவரைக்கும் கொழாய் பிடிச்சதில்ல. வலம்புரி எடுத்திருக்கான்னு சொல்லுதவன் இப்பவே என் மேல கைய வைக்கட்டும்லே."

அவர் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. எல்லாரும் வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தார்கள். பிறகு, மெதுவாக, அற்புதமணியைப் பார்த்தார்கள்.

செவிடாக நடிக்க எவ்வளவு பழகினவனாக இருந்தாலும் தலை நிமிர்ந்திருக்க வேண்டிய பேச்சு அது. கண்ணாவது கலங்கியிருக்க வேண்டும். அற்புதமணி நிமிரவில்லை. நடு அளவில் கலந்துவிட்ட ஒரு பெரிய பனியனை எடுத்து, கழுத்து லேபிளைப் பார்த்து, சரியான அடுக்கில் வைத்துக்கொண்டிருந்தான்.

ஆன்டனி போய்க் கம்ப்ரசரை நிறுத்தினான். சுற்றிக்கொண்டு அவனுடைய வலது பக்கமாக வந்து குனிந்தான்.

"எனக்கு எந்த அளவுலே சரியா வரும்?"

அற்புதமணி நிமிர்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ஓசி கெடையாது."

"காசுக்குத்தாம்லே."

அப்போதுதான் சுந்தர்சிங் பக்கத்தில் நிற்பதையும், அவர் போட்டிருப்பதையும் அற்புதமணி கண்டான். சுற்றிலும் எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, எதுவும் சொன்னீகளா?"

"தொவச்சா சாயம் போவுமான்னு கேட்டேன்" என்றார் சுந்தர்சிங்.